‘ஏ.சி.இ. ஏறிடுச்சே டாக்டர்!’ - சார்காய்டோசிஸ் நோயின் வேகத்தை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடுமா?

அரக்கோணத்தில் இருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் 38 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்தாறு மாதமாக வறட்டு இருமல். உடம்பில் தீராத அசதி. “டிபியா இருக்கப்போவுதுப்பா, முதல்ல சளி டெஸ்ட் எடுத்துடு” என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஸ்கேனில் நுரையீரலின் நடுப்பகுதியில் நெறிகட்டிகள் வீங்கியிருப்பது தெரிகிறது. பயாப்ஸி எடுத்த பிறகு டாக்டர் சொல்லும் பெயரை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை: சார்காய்டோசிஸ்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கிறார்கள். மூன்று மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது. பழையபடி ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க முடிகிறது. அந்த நேரத்தில்தான் லேப் அனுப்பிய பி.டி.எஃப். செல்போனில் வந்து விழுகிறது. ‘ஏ.சி.இ.’ என்ற வரி சிவப்பு எழுத்தில் இருக்கிறது. போன முறை 78, இந்த முறை 84. டாக்டரிடம் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது. இரவெல்லாம் கூகுள்தான். “மருந்து வேலை செய்யலையா? டோஸை ஏத்தணுமா?”

இப்போது இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். அதே நோய், அதே மாத்திரை. ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் கறுப்பு எழுத்தில், ‘நார்மல்’. ஆனால் போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறியவர், இந்த வருடம் நூறாவது படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

இந்த இருவரில் யாருக்கு நோய் தீவிரமாக இருக்கிறது? ரிப்போர்ட்டைக் கேட்டால் ஒரு பதில் வரும். நுரையீரலைக் கேட்டால் வேறு பதில் வரக்கூடும். இரண்டும் ஏன் முரண்படுகின்றன, ரத்தத்தில் தெரியும் இந்த ‘மார்க்கர்’களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சார்காய்டோசிஸ் என்பது என்ன?

நம் உடலின் நோய் எதிர்ப்பு செல்கள், அழிக்க முடியாத ஏதோ ஒன்றைச் சந்தித்தால் அதைச் சுற்றி வளைத்துச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிவிடும். இந்த முடிச்சுக்கு ‘கிரானுலோமா’ என்று பெயர். காசநோயில் அந்த ‘ஏதோ ஒன்று’ என்ன என்பது நமக்குத் தெரியும்: காசநோய்க் கிருமி. சார்காய்டோசிஸில் முடிச்சு இருக்கிறது, ஆனால் நடுவில் கிருமி இல்லை. எதைப் பார்த்து உடல் இப்படிப் பதறுகிறது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. மரபணுவும் சுற்றுச்சூழலும் சேர்ந்து இதைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது.

1899-ல் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் போக், தோலில் வரும் கட்டிகளை விவரிக்க ‘சார்காய்டு’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நோயின் பெயர் அங்கிருந்து வந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலும் அதை ஒட்டிய நெறிகட்டிகளும் பாதிக்கப்படும். கண், தோல், கல்லீரல், இதயம், நரம்பு என எங்கு வேண்டுமானாலும் வரலாம். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. புற்றுநோயும் அல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம்: பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் வருடக்கணக்கில் நீடித்து நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். இதனால்தான் ‘நோய் இப்போது எரிகிறதா, அணைந்துவிட்டதா?’ என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது. எரிகிறபோது மருந்து கொடுக்காவிட்டால் உறுப்பு கெடும். அணைந்த பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தால், மருந்தே சர்க்கரை, எலும்புத் தேய்மானம், உடல் பருமன் என்று புதுப் பிரச்சினைகளைக் கொண்டுவரும்.

ஏ.சி.இ. எங்கிருந்து வந்தது?

ஏ.சி.இ. என்பது ‘ஆஞ்சியோடென்சின் கன்வர்ட்டிங் என்சைம்’ என்பதன் சுருக்கம். ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் ஒரு முக்கியமான நொதி. 1950-களில் அமெரிக்க விஞ்ஞானி லியோனார்ட் ஸ்கெக்ஸ் குழு இதைக் கண்டறிந்தது. எல்லோருடைய ரத்தத்திலும் இது இருக்கும். நுரையீரலின் ரத்தக் குழாய்ச் சுவர்கள்தான் இதன் முக்கிய இருப்பிடம்.

1975-ல் லீபர்மேன் என்ற அமெரிக்க மருத்துவர், சிகிச்சை தொடங்காத சார்காய்டோசிஸ் நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இந்த நொதி கூடுதலாக இருப்பதைக் கவனித்து வெளியிட்டார். ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் அது குறைந்திருந்தது. கிரானுலோமாவில் இருக்கும் செல்களே இந்த நொதியைச் சுரக்கின்றன என்பது பின்னர் தெளிவானது. முடிச்சுகள் அதிகமாக இருந்தால் நொதியும் அதிகமாக இருக்கும் என்ற கணக்கு பிடித்துப்போக, அன்று முதல் ‘சார்காய்டோசிஸ் என்றால் ஏ.சி.இ.’ என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

சிக்கல் ஒன்றல்ல, ஐந்து.

ஒன்று, பலருக்கு ஏறுவதே இல்லை. நோய் இருக்கிறவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்குத்தான் இது உயர்ந்திருக்கும் என்பது பொதுவான கணிப்பு. மீதிப்பேருக்கு நோய் இருந்தும் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றே வரும்.

இரண்டு, ஆளுக்கு ஆள் அடிப்படை அளவே வேறு. ஏ.சி.இ. மரபணுவில் ஒரு சிறு துண்டு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. அந்தத் துண்டு இல்லாதவர்களின் ரத்தத்தில் எந்த நோயும் இல்லாமலேயே நொதி கூடுதலாக இருக்கும். 1990-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ‘நார்மல்’ கோட்டைப் போடும் லேப் ரிப்போர்ட் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இயல்பாகவே அளவு கூடுதல்.

மூன்று, பிரஷர் மாத்திரை. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற மாத்திரைகளின் வேலையே இந்த நொதியை முடக்குவதுதான். அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு ஏ.சி.இ. பரிசோதனை எடுத்தால் எண் தரையைத் தொடும். அது நோய் குறைந்ததற்கு அடையாளம் அல்ல. டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை வேறு வகை. அவை இந்த நொதியை முடக்குவதில்லை. ஆகவே எந்தப் பிரஷர் மாத்திரை என்று பெயரோடு டாக்டரிடம் சொல்வது முக்கியம்.

நான்கு, ஸ்டீராய்டு. மாத்திரை ஆரம்பித்ததும் எண் இறங்கும், நிறுத்தினால் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் நுரையீரலில் நடப்பதோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை.

ஐந்து, லேப். ஒரு லேபில் 52 வரை நார்மல் என்றிருக்கும், இன்னொரு லேபில் 70 வரை. பரிசோதனை முறையே வேறு வேறு. போன முறை காட்பாடியில், இந்த முறை சென்னையில் எடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. ரத்தம் எடுக்கும் குழாயைப் பொறுத்துக்கூட எண் மாறும். இந்த நொதி வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. சேர்த்த குழாய் அந்தத் துத்தநாகத்தைப் பறித்துக்கொள்ளும். அதில் எடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்துவிடும்.

முதலில் பார்த்த அரக்கோணம்காரரின் 78, 84-க்கு வருவோம். இருமல் நின்று, மூச்சும் சீராக இருக்கும்போது, இந்த ஆறு புள்ளி வித்தியாசம் மட்டும் மருந்தின் டோஸை ஏற்றப் போதுமான காரணம் அல்ல.

ஜங்ஷனில் கேட்கும் ஹாரன்

அரக்கோணம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ரயில் ஹாரன் பழகிய சத்தம். ஹாரன் கேட்டால் ரயில் வருகிறது என்பது உறுதி. ஆனால் அது சென்னைக்குப் போகிறதா, காட்பாடிக்கா, ரேணிகுண்டாவுக்கா, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கா என்று சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏ.சி.இ.-யும் அப்படித்தான். உடலில் எங்கோ கிரானுலோமா இருக்கலாம் என்று அது சொல்லும். எந்த நோயின் கிரானுலோமா என்று சொல்லாது.

காசநோய், தொழுநோய், சில பூஞ்சைத் தொற்றுகள், சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் ஆகியவற்றிலும் இந்த எண் உயரலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை நோய் போன்ற கிரானுலோமாவோடு தொடர்பில்லாத நிலைகளிலும்கூடச் சிலருக்கு உயரும்.

வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்கு இது ஓர் அடிக்குறிப்பு. நமக்கோ இதுதான் தலையாய பிரச்சினை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். தொழுநோய் ஆராய்ச்சிக்கு உலக அளவில் பெயர் பெற்ற கரிகிரி நிறுவனம் இருப்பது, அரக்கோணத்தில் இருந்து ரயிலில் 60 கிலோமீட்டரில் வரும் காட்பாடிக்குப் பக்கத்தில்தான். முடிச்சு கட்டும் நோய்கள் எல்லாம் ஒன்றாகப் புழங்கும் மண் இது. இங்கே ஒரு ஏ.சி.இ. எண்ணை மட்டும் பார்த்து ‘இது சார்காய்டோசிஸ்’ என்று முடிவெடுப்பது ஆபத்தில் முடியலாம்.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. சார்காய்டோசிஸை டிபி என்று நினைத்தால், தேவையில்லாமல் ஆறு மாதம் வீரியமான மாத்திரைகள், கூடவே வீட்டிலும் தெருவிலும் ஒதுக்கல். டிபியைச் சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்து கிருமி உடலெங்கும் பரவும். இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

இந்தக் குழப்பம் புதிதல்ல. சார்காய்டோசிஸ் நம் நாட்டில் அபூர்வம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1950-களில் சென்னையில் டாக்டர் ஆர்.வி.ராஜம் குழுவினர் வெளியிட்ட நோயாளி அறிக்கை, இந்தியாவில் இருந்து வந்த ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்று. அதன் பிறகு கொல்கத்தா, டெல்லி, சண்டிகர், வேலூர் எனப் பல மையங்களில் தேடத் தேட நோயாளிகள் கிடைத்தார்கள். நோய் ஏற்கெனவே இருந்தது. டிபியின் நிழலில் மறைந்திருந்தது.

டாக்டர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

ஒரே பரிசோதனையால் அல்ல, பல துண்டுகளைச் சேர்த்து வைத்துத்தான். மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி நெறிகட்டியில் ஊசி வைத்து எடுக்கும் பயாப்ஸி முக்கியமானது. அந்தத் திசுவிலேயே காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடும் பரிசோதனையும் செய்வார்கள். கிரானுலோமாவின் நடுப்பகுதி சீஸ் கட்டிபோலச் சிதைந்திருந்தால் டிபி சந்தேகம் வலுக்கும். சிதையாமல் இருந்தால் சார்காய்டோசிஸ் பக்கம் தராசு சாயும்.

கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் பழைய மேன்டூ பரிசோதனைக்கு இங்கே ஒரு தனி மதிப்பு உண்டு. டிபி கிருமி பரவலாக இருக்கும் நம் ஊரில் பலருக்கு அது பாசிட்டிவ் ஆவது சகஜம். ஆனால் சார்காய்டோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு நெகட்டிவ் வரும். ஆகவே நன்றாகத் தடித்து வந்தால் ‘கொஞ்சம் பொறு, டிபியை இன்னொரு முறை தேடு’ என்று அது டாக்டரை எச்சரிக்கும்.

ஏ.சி.இ.-யைவிட நல்ல மார்க்கர் உண்டா?

உண்டு, ஆனால் அவற்றுக்கும் எல்லைகள் இருக்கின்றன.

கரையும் இன்டர்லூக்கின்-2 ஏற்பி: கிரானுலோமாவைக் கட்டுவதில் முன்னணியில் நிற்பவை டி-செல்கள். அவை உசுப்பப்படும்போது, அவற்றின் மேற்பரப்பில் உள்ள இந்த ஏற்பி உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும். நெதர்லாந்தில் சார்காய்டோசிஸ் சந்தேகத்தோடு வந்த 189 பேரை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், நோய் உள்ளவர்களில் 88 சதவீதம் பேரை இந்தப் பரிசோதனை சரியாகப் பிடித்தது. ஏ.சி.இ. பிடித்தது 62 சதவீதம் பேரை. நோய் மறுபடி தலைதூக்குகிறதா என்று கண்காணிக்கவும் ஐரோப்பிய மையங்கள் சில இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோயிலும், டிபி போன்ற தொற்றுகளிலும், சிறுநீரகம் பழுதானாலும் இது உயரும். நம் மாவட்டத் தலைநகர லேப்களில் கேட்டவுடன் கிடைக்கும் பரிசோதனையும் அல்ல.

கைட்டோட்ரையோசிடேஸ்: கிரானுலோமாவில் உள்ள மேக்ரோபேஜ் செல்கள் சுரக்கும் நொதி. நோயின் போக்கோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே இதை உருவாக்கும் மரபணு வேலை செய்யாது. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ 6 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு நோய் எவ்வளவு எரிந்தாலும் எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும்.

இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: எந்த அழற்சியிலும் ஏறும். சளி, காய்ச்சல், பல் வீக்கம் வந்தாலும் ஏறும். நாள்பட்ட சார்காய்டோசிஸில் ஏறாமலே இருப்பதும் உண்டு.

ஜப்பானில் பயன்பாட்டில் உள்ள கே.எல்-6, மேலும் நியோப்டெரின், லைசோசைம் என்று பட்டியல் நீள்கிறது. ‘இந்த ஒன்று போதும்’ என்று சொல்லும் நிலைக்கு எதுவும் வரவில்லை.

கவனிக்காமல் விடப்படும் ஒரு சாதாரண டெஸ்ட்

அமெரிக்க மார்புநோய் சங்கம் 2020-ல் சார்காய்டோசிஸைக் கண்டறிவதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் உள்ள பரிந்துரைகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ‘வலுவான பரிந்துரை’ என்ற தகுதி கொடுக்கப்பட்டது. அது ஏ.சி.இ. அல்ல. எந்தச் சிறிய லேபிலும் செய்யக்கூடிய கால்சியம் பரிசோதனை.

ஏன்? கிரானுலோமாவில் உள்ள செல்கள், உடலில் இருக்கும் வைட்டமின்-டி-யை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அதன் வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடும். அந்த வீரியமான வைட்டமின் குடலில் இருந்து கால்சியத்தை அள்ளி ரத்தத்தில் சேர்க்கும். ரத்தத்தில் கால்சியம் கூடினால் தாகம், மலச்சிக்கல், குழப்பம் வரும். சிறுநீரில் கூடினால் கல் உருவாகும், நாளடைவில் சிறுநீரகம் கெடும். வெளியில் ஒன்றும் தெரியாமல் நடக்கும் சேதம் இது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தால், நம்மில் பலருக்கும் ‘வைட்டமின்-டி குறைவு’ என்று வரும். உடனே 60,000 யூனிட் பாக்கெட்டை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வாரம் ஒன்று பாலில் கலந்து குடிப்பது சாதாரணமாகிவிட்டது. சார்காய்டோசிஸ் உள்ளவர்களுக்கு இது வினையாகலாம். வழக்கமான பரிசோதனை அளப்பது வைட்டமினின் இருப்பு வடிவத்தை. அது குறைவாக இருக்கும்போதே வீரிய வடிவம் கூடுதலாக இருக்க முடியும். இரண்டையும் பார்த்துவிட்டு, கால்சியத்தையும் பார்த்துவிட்டுத்தான் பாக்கெட்டைத் தொட வேண்டும். ‘நானே வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டேன்’ என்பது இந்த நோயில் வேண்டாத வீரம்.

அப்படியானால் நோயை எதை வைத்து அளப்பது?

உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான்.

நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் பலமாக ஊதினால், எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்று அளக்கும். ஆறு மாதம் முன்பு எவ்வளவு, இன்று எவ்வளவு என்பதில்தான் உண்மையான கதை இருக்கிறது. வாயுப் பரிமாற்றப் பரிசோதனை, மார்பு எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் ஆகியவை துணைக்கு வரும். கல்லீரலுக்கு அல்கலைன் பாஸ்படேஸ் உள்ளிட்ட பரிசோதனைகள், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், இதயத்துக்கு இ.சி.ஜி., கண்ணில் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு கண் பரிசோதனை. எங்கே எரிகிறது என்று தெரியாத சிக்கலான நேரங்களில் பெட்-சி.டி. ஸ்கேன் உதவும். அது விலை கூடியது, கதிர்வீச்சும் உண்டு. அதனால் எல்லோருக்கும் எடுக்கும் பரிசோதனை அல்ல.

கடைசியாக வெளியான இரண்டு முக்கிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 86 நோயாளிகளிடம் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், 40 மில்லிகிராமில் தொடங்கிய ஸ்டீராய்டும் 20 மில்லிகிராமில் தொடங்கியதும் ஒப்பிடப்பட்டன. நோய் திரும்புவதிலோ, சிகிச்சை தோற்பதிலோ பெரிய வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் 138 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், முதல் சிகிச்சையாக மெத்தோட்ரெக்சேட் கொடுத்தாலும் அது ஸ்டீராய்டுக்குச் சளைத்ததல்ல என்று தெரியவந்தது. பக்கவிளைவுகள்தான் வேறு வேறு. ஸ்டீராய்டில் எடை கூடுதலும் தூக்கமின்மையும், மெத்தோட்ரெக்சேட்டில் குமட்டலும் கல்லீரல் அளவுகளில் மாற்றமும்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் எந்த மருந்து நல்லது என்று தீர்மானிக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் எது? ஏ.சி.இ. அல்ல. மூச்சை இழுத்து ஊதும் திறன்.

ரத்தப் பரிசோதனையே வேண்டாமா?

அப்படி இல்லை. ஏ.சி.இ.-க்கு ஓர் இடம் உண்டு. சிகிச்சைக்கு முன்பே ஒருவருக்கு அது தெளிவாக உயர்ந்திருந்து, மருந்தில் இறங்கியிருந்தால், அதே லேபில் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது அந்த நபருக்கு ஒரு துணைத் தகவல். மாத்திரையைக் குறைக்கும் காலத்தில் மறுபடி ஏறினால், டாக்டர் ஸ்பைரோமெட்ரியைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துப் பார்க்கலாம். கண்ணின் உள்ளே அழற்சி வந்தவர்களுக்குக் காரணம் தேடும்போது, கண் மருத்துவர்கள் இதைப் பல தடயங்களில் ஒன்றாகப் பார்ப்பதும் இதனால்தான். முதல் முறையே நார்மலாக இருந்தவருக்குத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பெரிய பயன் இல்லை.

மருந்துக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் இன்னும் முக்கியம். ஸ்டீராய்டில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை. மெத்தோட்ரெக்சேட்டில் இருப்பவர்களுக்கு ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்துகளுக்குப் போகும் நிலை வந்தால், அதற்கு முன் உறங்கும் டிபி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உடல் டிபி கிருமியைச் சிறைவைத்திருக்கும் முடிச்சைத் தாங்கிப்பிடிக்கும் அதே புரதத்தைத்தான் இந்த ஊசி முடக்குகிறது.

பணமும் பயணமும்

காசநோய்க்குச் சளிப் பரிசோதனை முதல் மாத்திரை வரை அரசே இலவசமாகத் தருகிறது. 2022-ல் இருந்து தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்ற பெயரில், மோசமான நிலையில் இருக்கும் நோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. சார்காய்டோசிஸுக்கு இப்படி ஒரு பாதை கிடையாது. ‘டிபி இல்லை’ என்று சொல்லப்பட்ட இடத்தில் இருந்து நோயாளி தானாகத்தான் வழி தேட வேண்டும். அரக்கோணத்தில் இருப்பவர் என்றால் ஒரு பக்கம் வேலூர், இன்னொரு பக்கம் சென்னை. ஒரு நாள் சம்பளம், ரயில் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் வேலை. இத்தனைக்கும் மேல் ஒரு பேக்கேஜில் சேர்த்து விற்கப்படும் பத்து டெஸ்ட்களில் எது தேவை, எது வெறும் எண் என்பது தெரியாவிட்டால் கைக்காசுதான் கரையும். ஸ்பைரோமெட்ரியும் கால்சியமும் தவறாமல் எடுத்தவர், மாதாமாதம் ஏ.சி.இ. மட்டும் எடுத்தவரைவிடத் தன் நோயைப் பற்றி அதிகம் தெரிந்தவர்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

- பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். ஒற்றை எண்ணைவிட அதன் போக்குதான் டாக்டருக்குப் பயன்படும்.
- ஏ.சி.இ. எடுக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள்.
- சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். பரிசோதனைக்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
- வைட்டமின்-டி, கால்சியம் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.
- எண் இறங்கிவிட்டது என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.
- கண் சிவந்து வலித்தால், பார்வை மங்கினால், படபடப்பு, மயக்கம் வந்தால், முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.
- காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு புதிதாக வந்தால் டிபியை மறுபடி தேடச் சொல்லுங்கள். சார்காய்டோசிஸ் இருப்பவருக்கு டிபி வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களுக்கு. எல்லா எண்களும் நார்மலான பிறகும் இந்த நோயில் அசதி மாதக்கணக்கில் நீடிக்கலாம். மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம் இது. “ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே, இன்னும் என்ன படுத்துக்கிட்டு?” என்று கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

திரும்ப அந்த இருவரிடம்

சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர், ஸ்பைரோமெட்ரியும் கால்சியமும் சரியாக இருந்தால், ஏற்கெனவே திட்டமிட்டபடி மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வரலாம். டாக்டர் அவரிடம் ‘84-ஐ மறந்துடுங்க’ என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல.

உடனே பார்க்க வேண்டியது, எல்லாம் நார்மல் என்ற ரிப்போர்ட்டோடு திருத்தணிப் படியில் உட்கார்ந்துவிட்டவரைத்தான். அந்த மூச்சுவாங்கல் நுரையீரலில் இருந்து வருகிறதா, இதயத்தில் இருந்தா, மருந்தால் கூடிய எடையாலா, ரத்தசோகையாலா என்று தேட வேண்டும். டாக்டரைப் பார்க்கும்போது அவர் லேப் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன் சொல்ல வேண்டிய ஒரு வரி இருக்கிறது: “போன வருஷம் மேல வரைக்கும் ஏறினேன் டாக்டர், இந்த வருஷம் நூறு படிகூடத் தாண்டல.”